மோட்டார் வைத்த செயற்கைக்காலும் விசை சென்சரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர்களுக்கான மோட்டார் கால்களில் மின்னணு வேலை பார்க்கிறேன். லோட் செல் (பாரத்தை அளக்கும் விசை சென்சர்) ஒட்டுவது, அதைச் சரிபார்ப்பது, அது தரும் எண்ணைப் பார்த்து மோட்டாரை இயக்கும் நிரலை எழுதுவது, இவைதான் என் வேலை. கால் பொருத்திக்கொள்ள வருபவர்கள், கூட வரும் வீட்டார், பொறியியல் மாணவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

மோட்டார் கால் என்றால் என்ன? சாதாரணச் செயற்கைக்காலும் மடங்கி நிமிர்கிறதே?

மடங்கும், நிமிரும். ஆனால் உங்களைத் தூக்காது. சாதாரண மூட்டு, நீங்கள் இடுப்பை வீசும் வேகத்தில் ஊசல்போல ஆடிப் போய் வருகிறது. அதற்கு அடுத்த படி மைக்ரோபிராசஸர் மூட்டு. ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த சி-லெக் இந்த வகையில் பெயர் பெற்றது. அதற்குள் இருக்கும் ஹைட்ராலிக் வால்வை ஒரு சிறு கணினி திறந்து மூடும். மூட்டு மடங்குவதற்கான தடை கூடும், குறையும். அவ்வளவுதான். அது பிரேக் பிடிக்கும், தள்ளிவிடாது.

மோட்டார் கால் தள்ளிவிடும். நாற்காலியிலிருந்து எழும்போது முழங்காலை நிமிர்த்தும், படியில் உடம்பை மேலே ஏற்றும், நடக்கும்போது கணுக்காலில் ஓர் உந்து கொடுக்கும். ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஓசூர் நிறுவனத்தின் ‘பவர் நீ’ (Power Knee) என்ற மோட்டார் முழங்கால் 2006இல் சந்தைக்கு வந்தது. கணுக்கால் பக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஹ்யூ ஹெர் குழு செய்த வேலை முக்கியமானது. அவரே 1982இல் மலையேறப் போய்ப் பனியில் சிக்கி இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவர்.

சரி, அதற்கு ஏன் விசையை அளக்க வேண்டும்? மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தெரிந்தால் போதாதா?

போதாது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முழங்கால் 60 டிகிரி மடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் காற்றில் வீசிப் போகும்போதும் அது 60 டிகிரிதான். படியில் பாதத்தை வைத்து, ஏறுவதற்கு உடம்பைச் சாய்க்கும்போதும் கிட்டத்தட்ட அதே கோணம். நாற்காலியில் காலைக் கொஞ்சம் நீட்டி உட்கார்ந்திருந்தாலும் அதேதான். முதல் நிலையில் மூட்டு தளர்ந்து தானாக ஆட வேண்டும். இரண்டாவதில் முழுப் பலத்தோடு நிமிர வேண்டும். மூன்றாவதில் சும்மா இருக்க வேண்டும். கோணத்தை மட்டும் பார்க்கும் கணினிக்கு இந்த மூன்றுக்கும் வேறுபாடு தெரியாது.

எது வேறுபடுகிறது? பாரம். காலின் மேல் ஆள் தன் எடையைப் போட்டிருக்கிறாரா, இல்லையா. கால் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது. ஆள் எடையைப் போட்டுவிட்ட பிறகும் ‘இன்னும் போடவில்லை’ என்று கால் நினைத்தால், மூட்டு தளர்ந்து அவர் கீழே விழுவார். அவர் காலை எடுத்த பிறகும் ‘இன்னும் ஊன்றியிருக்கிறார்’ என்று நினைத்தால், கால் விறைத்து நின்று தடுக்கும். இரண்டுமே ஆபத்து. முதலாவது மிக மோசம்.

ஒரு நடையில் காலுக்கு எவ்வளவு விசை வருகிறது?

எழுபது கிலோ உள்ளவர் சாதாரண வேகத்தில் நடக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். ஓர் அடியை வரைபடமாகப் போட்டால் இரட்டைத் திமில்போல இருக்கும். குதிகால் தரையைத் தொட்டு எடை முழுதும் ஏறும்போது முதல் திமில். அது உடல் எடையைவிடக் கொஞ்சம் அதிகம், சுமார் 110 முதல் 120 சதவீதம். நடுவில் உடம்பு காலின் மேலே ஏறிக் கடக்கும்போது எடையைவிடக் குறையும். பிறகு முன்பாதத்தால் தள்ளும்போது இரண்டாவது திமில். ஓர் அடியின் சுழற்சியில் சுமார் 60 சதவீத நேரம் கால் தரையில், 40 சதவீத நேரம் காற்றில்.

மேலிருந்து கீழே அழுத்தும் விசை மட்டும் போதாது. மூட்டைச் சுழற்றப் பார்க்கும் திருப்பு விசையும் (டார்க்) வேண்டும். தள்ளும் நேரத்தில் கணுக்காலில் ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் ஒன்றரை நியூட்டன் மீட்டர் வரும். எழுபது கிலோ ஆளுக்கு நூறைத் தாண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் 11 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுக் கிடைமட்டமாகத் தூக்கிப் பாருங்கள். அதுதான் அந்த அளவு. உங்கள் கணுக்கால் ஒவ்வோர் அடியிலும் அதைத் தாங்கித் தள்ளுகிறது.

இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் இன்னொன்றும் கிடைக்கும். திருப்பு விசையை அழுத்து விசையால் வகுத்தால், பாரம் பாதத்தின் எந்த இடத்தில் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். 700 நியூட்டன் அழுத்தம், 70 நியூட்டன் மீட்டர் திருப்பம் என்றால், பாரம் கணுக்காலுக்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் இறங்குகிறது. குதிகாலிலா, நடுவிலா, முன்பாதத்திலா என்று காலுக்கு இப்படித்தான் தெரிகிறது. எனக்கு இந்த வகுத்தல் கணக்கின் மேல் தனிப் பிரியம் உண்டு. பாதத்தில் ஒரு சென்சர்கூட இல்லாமல், மேலே இருக்கும் ஒரு லோட் செல் பாதத்தின் அடியில் நடப்பதைச் சொல்லிவிடுகிறது.

லோட் செல் எப்படி வேலை செய்கிறது?

உலோகம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பாரம் வந்தால் கொஞ்சம் நசுங்கும், வளையும். கண்ணுக்குத் தெரியாது. கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறுகிறது என்று லார்ட் கெல்வின் 1856இலேயே கண்டார். அதை ஒட்டிப் பயன்படுத்தும் கருவியாக ஆக்கியவர்கள் எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும். அமெரிக்காவின் வெவ்வேறு இடங்களில், ஒருவரை ஒருவர் அறியாமல், 1938இல் இருவரும் செய்தார்கள். அதுதான் ஸ்ட்ரெயின் கேஜ்.

கையில் எடுத்துப் பார்த்தால் விரல் நகத்தைவிடச் சிறியது. மஞ்சள் பழுப்பு நிறப் படலம், அதன் மேல் கோலத்தின் இழைபோல முன்னும் பின்னுமாக மடிந்து போகும் மெல்லிய உலோகக் கோடு. லோட் செல்லின் உடலாக இருக்கும் அலுமினியத் துண்டை உப்புத்தாளால் தேய்த்து, கரைப்பானால் துடைத்து, துணியில் கறுப்பு வராதவரை திரும்பத் திரும்பத் துடைத்து, பிறகுதான் ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். அடியில் ஒரு சின்னக் குமிழி மாட்டினாலும் அந்தக் கேஜ் வீண். பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

மாற்றம் எவ்வளவு சிறியது தெரியுமா? 350 ஓம் கேஜை ஒட்டிய உலோகம் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால், தடை 0.7 ஓம்தான் மாறும். அதனால் நான்கு கேஜ்களை வீட்ஸ்டன் பாலமாக இணைக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் படித்த அதே பாலம்தான். ஐந்து வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்துக்கு வெளியே வருவது பத்து மில்லிவோல்ட் அளவில் இருக்கும். அதைப் பெருக்கி எண்ணாக்க வேண்டும். பக்கத்திலேயே மோட்டார் பல ஆம்பியர் இழுத்துக்கொண்டு இரைச்சல் கிளப்பும். அந்த இரைச்சலிலிருந்து இந்தப் பத்து மில்லிவோல்ட்டைக் காப்பாற்றுவதில்தான் என் நாளின் பாதி போகிறது.

சென்சரைக் காலில் எங்கே வைக்கிறார்கள்?

மூன்று இடங்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள பைலான் குழாய், முழங்காலுக்கு மேலே சாக்கெட்டுக்கு (மீதமுள்ள காலை நுழைக்கும் உறைக்கு) அடியில், அல்லது பாதத்திலேயே. தொடக்க காலச் சி-லெக்கில் குழாயிலேயே கேஜ்களை ஒட்டியிருந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலியட் ரவுஸ் தலைமையில் உருவான ஓப்பன் சோர்ஸ் லெக்கில் ஆறு அச்சு (மூன்று திசை விசை, மூன்று திசைத் திருப்பம்) லோட் செல்லைப் பொருத்திக்கொள்ளலாம்.

பாதத்தில் வைத்தால் தரையோடு நேரடித் தொடர்பு. ஆனால் அடியும் ஈரமும் தூசியும் முதலில் அதற்குத்தான். மேலே போகப் போகப் பாதுகாப்பு கூடும்; கூடவே ஒரு சிக்கலும் வரும். சென்சருக்குக் கீழே தொங்குவதெல்லாம், அதாவது கணுக்கால் மோட்டார், பாதம், ஷூ எல்லாம், காலை வீசும்போது அதை இழுக்கும். கீழே இரண்டு கிலோ இருந்தால், கால் அசையாமல் தொங்கும்போதே இருபது நியூட்டன் இழுப்பு. வீசும் வேகத்தில் இன்னும் கூடும். ‘தரை தொட்டது’ என்று முடிவெடுக்கும் எல்லையை இந்த ஆட்டத்துக்கு மேலேதான் வைக்க முடியும். என்னைக் கேட்டால் பைலான்தான் சரியான இடம். பாதத்தை மாற்றினாலும் சென்சர் மாறாது.

பவர் நீயின் முதல் வடிவம் வேறு வழியில் போனது. நல்ல காலில் சென்சர் கட்டி, அது செய்வதைப் பார்த்துச் செயற்கைக்கால் பின்தொடர்ந்தது. தினமும் காலையில் நல்ல காலுக்கும் கருவி மாட்டுவது யாருக்கும் சுகமாக இருக்காது. பிறகு வந்த வடிவங்களில் சென்சர் முழுதும் செயற்கைக்காலுக்குள்ளேயே வந்துவிட்டது.

செருப்புக்குள் வைக்கும் மெல்லிய அழுத்த சென்சர் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

தொட்டதா இல்லையா என்று சோதனைக்கூடத்தில் பார்க்கப் போதும். எவ்வளவு பாரம் என்று நம்பக் கூடாது. அதே எடையை ஐந்து நிமிடம் வைத்திருந்தால் எண் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். எடையை ஏற்றும்போது ஒரு எண், இறக்கும்போது இன்னொரு எண். செருப்பை மாற்றினால் எல்லாம் மாறும். கோவிலுக்குள் செருப்பைக் கழற்றினால் சென்சரே இல்லை.

ஓர் அச்சு போதுமா, ஆறு அச்சு வேண்டுமா?

ஆராய்ச்சிக்கு ஆறு. தினசரி நடைக்கு இரண்டு: அழுத்து விசையும், முன்பின் திருப்பமும். ஆறு அச்சில் ஒரு திசையில் அழுத்தினால் மற்ற ஐந்திலும் கொஞ்சம் எண் கசியும். அதைச் சரிக்கட்ட ஆறுக்கு ஆறு அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்கு வேண்டும்.

அளந்த எண்ணை வைத்துக் கால் என்ன செய்கிறது?

ஓர் அடியைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோல்ட்ஃபார்ப் குழு 2008இல் வெளியிட்ட வழி இது; இன்றும் பலர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் மூட்டு ஒரு ஸ்பிரிங்போலவும் ஷாக் அப்சார்பர்போலவும் நடந்துகொள்ளும். எந்த ஸ்பிரிங், எவ்வளவு கெட்டி, எந்தக் கோணத்தில் ஓய்வு என்பது துண்டுக்குத் துண்டு மாறும். துண்டுகளுக்கு நடுவே உள்ள முக்கியமான கதவுகளின் சாவி லோட் செல்லிடம்.

கூடவே நடந்து பார்ப்போம். குதிகால் தொடுகிறது. பாரம் எல்லையைத் தாண்டியதும் முழங்கால் கெட்டி ஸ்பிரிங்காக மாறுகிறது. லேசாக மடங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. உடம்பு முன்னே நகர, பாரம் முன்பாதத்துக்குப் போகிறது. கணுக்கால் போதிய அளவு மடங்கி, திருப்பு விசையும் ஏறியதும் மோட்டார் தள்ளுகிறது. இந்தத் தள்ளல் ஒரு நொடியில் நான்கில் ஒரு பங்குகூட நீடிக்காது. பாரம் குறைந்து கீழ் எல்லைக்கு வந்ததும் மூட்டு தளர்ந்து மடங்குகிறது, பாதம் தரையை உரசாமல் முன்னே போகிறது. பிறகு நீள்கிறது, மறுபடி குதிகாலுக்குக் காத்திருக்கிறது.

ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் ஒன்றாக இருக்கக் கூடாது. உதாரணத்துக்கு, உடல் எடையில் 15 சதவீதம் ஏறினால் ‘ஊன்றியாயிற்று’, 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ‘எடுத்தாயிற்று’. இரண்டும் ஒன்றாக இருந்தால், எண் அந்த எல்லையில் தள்ளாடும்போது மூட்டும் கெட்டியாகித் தளர்ந்து நடுங்கும். பேருந்து நிறுத்தத்தில் ஒரு காலில் சாய்ந்து நிற்பவருக்கு இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எழுந்திருப்பது இன்னும் நுட்பமானது. உட்கார்ந்திருக்கும்போது பாதத்தில் இறங்குவது சில கிலோதான். எழுவதற்கு முன்னால் எல்லோரும் உடம்பை முன்னே சாய்ப்போம். அப்போது பாரம் ஏறும். ஆனால் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாலும் பாரம் ஏறும். மடியில் குழந்தை வந்து ஏறினாலும் ஏறும். அதனால் தொடையின் கோணத்தையும் அதன் அசைவையும் சேர்த்துப் பார்த்தே எழச் சொல்கிறோம். அப்படியும், முதல் நாள் எல்லோருக்கும் ஒருமுறையாவது தப்பாக நிமிரும். அதனால்தான் முதல் நாள் பயிற்சியைப் பேரலல் பாருக்கு (இருபக்கமும் பிடித்துக்கொள்ளும் கம்பிகளுக்கு) நடுவில் வைத்துக்கொள்கிறோம்.

மோட்டார் கொடுக்கும் விசையையும் தனியாக அளக்க வேண்டுமா?

தரையிலிருந்து வரும் விசை வேறு, மோட்டார் மூட்டுக்குக் கொடுக்கும் விசை வேறு. இரண்டாவதை அறிய ஓர் அழகான வழி: மோட்டாருக்கும் மூட்டுக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங் வைத்து, அது எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது. கில் ப்ராட்டும் மேத்யூ வில்லியம்சனும் எம்ஐடியில் 1995இல் இதை முன்வைத்தார்கள். கியர் விகிதம் குறைவாக இருந்தால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்திலிருந்தே ஓரளவு கணக்கிடலாம்.

தசையிலிருந்து வரும் மின் சமிக்ஞையைப் படிக்கிறார்களாமே? பிறகு லோட் செல் எதற்கு?

படிக்கிறார்கள். 2012 நவம்பரில் சிகாகோவில், லெவி ஹார்க்ரோவ் குழு செய்த மோட்டார் காலோடு ஒருவர் வில்லிஸ் டவரின் 103 மாடிகளையும் படியேறிக் கடந்தார். அவர் தொடைத் தசையின் சமிக்ஞையைக் கால் படித்தது. ஆனால் தசை சமிக்ஞை மட்டும் தனியாக அந்தக் காலை இயக்கவில்லை. கோணம், வேகம், பாரம் சொல்லும் சென்சர்களும் கூடவே இருந்தன.

‘இனிப் படி வருகிறது, ஏறப் போகிறேன்’ என்ற எண்ணத்தைத் தசை முன்கூட்டியே சொல்லும். ‘இப்போது எடை என்மேல் இருக்கிறது’ என்பதை லோட் செல்தான் சொல்ல முடியும். வியர்வையில் எலெக்ட்ரோடு நழுவும், மாலைக்குள் ஸ்டம்ப் (மீதமுள்ள கால்) சுருங்கி சாக்கெட் தளரும், தசை களைக்கும். நம் ஊர் வெயிலில் இதெல்லாம் தினமும் நடக்கும். அதனால் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட முடிவை நான் லோட் செல்லிடமே விடுவேன்.

என்னென்ன கோளாறு வரும்?

சூடு முதல் எதிரி. அரைமணி நேரம் படியேறினால் மோட்டார் சுட்டு, பக்கத்தில் உள்ள உலோகமும் சுடும். பாரமே இல்லாதபோதும் பூஜ்யம் நகர்ந்துவிடும். கால் காற்றில் இருக்கும்போது பூஜ்யத்தை மறுபடி சரிசெய்யலாம். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஆள் நின்றுகொண்டிருக்கும்போது தவறாகப் பூஜ்யம் போட்டுவிட்டால், அவருடைய முழு எடையையும் கால் மறந்துவிடும்.

இரண்டாவது ஒயர். எங்கள் சோதனைக்கூடத்தில் ஒருநாள், கூரையிலிருந்து தொங்கும் பாதுகாப்புப் பட்டியோடு ஒருவர் நடந்துகொண்டிருந்தார். ஆறாவது அடியில் காலை எடுத்தார், கால் மடங்கவில்லை. பாரைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, கால் விட மாட்டேங்குது” என்றார். பதிவை எடுத்துப் பார்த்தேன். முழங்காலைச் சுற்றிப் போகும் ஒயரில் ஓர் இழை அறுந்திருந்தது. கடைசியாக வந்த எண்ணே உறைந்துபோய்த் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கும் லோட் செல் ஒருபோதும் தொடர்ந்து ஒரே எண்ணைத் தராது. கடைசி இலக்கம் எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும். அன்றிலிருந்து, இருபது முறை தொடர்ந்து அதே எண் வந்தால் சென்சர் இறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன். அந்த நிலையில் மோட்டார் தள்ளாது. மூட்டு கனமான ஷாக் அப்சார்பராக மாறி, மெதுவாக மட்டும் மடங்கும். விறுவிறுவென நடக்க முடியாது. வீடு போய்ச் சேரலாம்.

தடுக்கி விழுந்தாலோ குதித்தாலோ லோட் செல் உடையாதா?

அளவுக்கு மேல் வளையவிடாத தடுப்பு உள்ளேயே இருக்க வேண்டும். செயற்கைக்கால்களின் பலத்தைச் சோதிக்க ஐஎஸ்ஓ 10328 என்ற தரம் இருக்கிறது. அதில் திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றும் சோதனை மட்டும் 30 லட்சம் முறை. உடல் எடையைத் தாங்கும் பாதையில் லோட் செல்லும் ஓர் எலும்பு மாதிரி. மெலிதாக்கினால் நன்றாக அளக்கும், சீக்கிரம் சோர்ந்துவிடும்.

சென்னை ஐஐடி செய்த கதம் மூட்டில் இது உண்டா?

இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. 2022இல் வெளியான கதம் நான்கு இணைப்புகளால் ஆன இயந்திர மூட்டு. மோட்டார், பேட்டரி எதுவும் கிடையாது. நிமிர்ந்து நிற்கும்போது பாரத்தின் கோடு சுழலும் மையத்துக்கு முன்னால் விழும்படி அமைப்பது இந்த வகை மூட்டின் வழி. எடை போட்டால் மூட்டு இன்னும் இறுகும். லோட் செல் கேட்கும் அதே கேள்விக்கு இங்கே வடிவியலே பதில் சொல்லிவிடுகிறது. மோட்டார் கால் வேண்டுமா என்று கேட்டு வருபவர்களில் பலருக்கு நல்ல சாக்கெட்டும் இப்படி ஒரு மூட்டுமே இப்போது போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மாணவன் நான். எதிலிருந்து தொடங்கலாம்?

உடல் எடை பார்க்கும் பழைய டிஜிட்டல் மெஷினைப் பிரியுங்கள். நான்கு மூலையிலும் நான்கு சின்ன லோட் செல் இருக்கும். லோட் செல்லின் சிறு மில்லிவோல்ட்டைப் பெருக்கி எண்ணாக்கும் எச்எக்ஸ்711 போர்டு ஒன்று வாங்கி இணையுங்கள். அது பொதுவாக நொடிக்கு பத்து முறைதான் படிக்கும்படி அமைத்து விற்கப்படுகிறது; எண்பதுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்தில் ஓர் அடியின் திமிலே தெரியாது.

தரையோடு தரையாக அந்தத் தட்டை வைத்து, முன்னும் பின்னும் அதே உயரத்துக்குப் பலகை போட்டு, அதைக் கடந்து சாதாரணமாக நடங்கள். தட்டைப் பார்த்து மிதிக்காதீர்கள், நடை மாறிவிடும். இருபது அடி பதிவு செய்யுங்கள். அப்புறம் வேகமாக நடந்து இருபது, பை சுமந்து இருபது, தாத்தாவை நடக்கச் சொல்லி இருபது. ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே சோடி எல்லைகளை வைத்துப் பாருங்கள். எத்தனை அடியில் தப்பாகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை எந்த மோட்டாரையும் யார் காலிலும் மாட்ட வேண்டாம். பூஜ்யமான பிறகும், செயற்கைக்கால் பொருத்தும் நிபுணர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் மாட்ட வேண்டாம்.